கடல் கணக்கும் கூடைக் கணக்கும்

ராஜாக்களுக்குச் சரித்திரம் உண்டு. கோட்டைகளுக்கும் கோயில்களுக்கும் உண்டு. மத்தி மீனுக்குச் சரித்திரம் உண்டா என்று கேட்டால் படித்தவர்கள் சிரிப்பார்கள். ஒரு சாணுக்கு மேல் வளராத மீன். முள் அதிகம். பொரித்தால் நாலு வீட்டுக்கு வாசனை போகும். விருந்தாளி வந்திருக்கிற நாளில் பெரிய மனிதர்கள் அதை இலையில் வைக்கக் கூசுவார்கள். ஆனால் மலையாளக் கரையில் இந்த மீனுக்குத் தலைமுறை தலைமுறையாக ஒரு பட்டப்பெயர் வழங்கி வருகிறது. 'குடும்பம் புலர்த்தி' என்பார்கள். குடும்பத்தைப் பராமரிப்பது என்று அர்த்தம். எந்தத் திவானுக்கும் ஜனங்கள் மனசாரக் கொடுக்காத பட்டம் அது.

கோழிக்கோட்டுப் பக்கம் அதற்கு மத்தி என்று பெயர். கொல்லம், திருவனந்தபுரம் பக்கம் சாளை. நம்முடைய குமரிக் கரையிலும் சாளைதான். வேகவைத்த மரவள்ளிக் கிழங்கும் குடம்புளி போட்ட சாளைக் குழம்பும் இருந்துவிட்டால் அங்கே ஏழைக் குடும்பத்துக்கு ஒரு வேளைச் சாப்பாடு முடிந்தது. கிழங்கு வயிற்றை நிரப்பும். உடம்பில் தெம்பு வைப்பது மீன். அந்த மீன் ஒரு வாரம் வராமல் போனால் வீட்டுக் குழந்தைகளின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

அந்த மீன் கேரளக் கரையின் அடுப்புகளுக்கு எப்போது வந்தது, எப்போது வராமல் போனது, ஏன் என்பதுதான் இங்கே நாம் பார்க்கப் போவது. சுமார் 150 வருஷத்துக் கதை. இதில் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. படகுகள் கரைக்குக் கொண்டுவந்து கொட்டியது எத்தனை டன் என்பது ஒரு கணக்கு. சர்க்கார் அறிக்கைகளில் அச்சாவது அதுதான். மீன்காரி தலையில் சுமந்து வந்த கூடையில் எத்தனை மீன் இருந்தது என்பது இன்னொரு கணக்கு. அதைக் கணக்கப்பிள்ளை யாரும் எழுதி வைக்கவில்லை. கடல் கணக்கு ஏறினால் கூடைக் கணக்கும் ஏறும், அது இறங்கினால் இதுவும் இறங்கும் என்று நினைப்பது இயல்பு. மத்தியின் கதை அப்படிப் போகவில்லை.

முதலில் கடலைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியதும் கரையோரத்து மேல்நீர் விலகிப் போக, ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் எழும்பி வருகிறது. அடியில் கிடந்த சத்தெல்லாம் அதோடு மேலே வந்து வெயிலைக் காண்கிறது. உடனே கண்ணுக்குத் தெரியாத நுண்பாசிகள் கோடிக்கணக்கில் முளைக்கின்றன. மத்திக்கு அதுதான் தீனி. மழைக்காலத்திலேயே அது முட்டையிடும். ஓணம் கழிந்த பிறகு இளமீன்கள் கூட்டம் கூட்டமாகக் கரையை நெருங்கும். ஐப்பசி, கார்த்திகையில் உடம்பெல்லாம் நெய். வெள்ளைக்காரன் அதற்கு 'எண்ணெய் மத்தி' என்று பெயர் வைத்தது இதனால்தான்.

மழை நாளில் கடல் கொந்தளித்துக்கொண்டிருக்கும்போதே ஆலப்புழை, புறக்காடு போன்ற இடங்களில் மட்டும் கொஞ்ச தூரத்துக்குக் கடல் குளம் போல அடங்கிக் கிடக்கும். நுண்ணிய சேறு நீரில் கலந்து அலையை அடக்கிவிடுகிறது. இதற்குச் சாகரா என்று பெயர். பட்டினி மாதத்தில் கடல் திறந்து வைக்கிற கஞ்சித்தொட்டி என்று அதைச் சொல்லலாம். தகழியின் 'செம்மீன்' நாவலைப் படித்தவர்களுக்கு இந்தச் சொல் பழக்கமானது.

மத்தியின் ஆயுள் இரண்டு, மூன்று வருஷம்தான். நூறு வருஷம் நிற்கிற மரமல்ல. மழையை நம்பி விதைக்கிற புன்செய்ப் பயிர் மாதிரி. ஒரு வருஷம் காற்றும் மழையும் முறை தவறினால், முட்டை பொரித்த குஞ்சுகளுக்குத் தீனி கிடைக்காவிட்டால், அடுத்த வருஷமே வலையில் அது தெரிந்துவிடும். சில வருஷங்கள் கரை கொள்ளாமல் குவிவதும், சில வருஷங்கள் கண்ணிலேயே படாமல் போவதும் அதன் இயல்பு. மனிதர்கள் பேராசை கொள்வதற்கு முன்பே அது அப்படித்தான் இருந்தது. இதை மறந்துவிட்டால் பின்னால் நடந்தவற்றுக்கு நாம் சரியாக நியாயம் சொல்ல முடியாது.

கரைக்கு வந்த மீன் வீட்டுக்குப் போவது அந்தக் காலத்தில் சுலபமான காரியமல்ல. ஐஸ் கிடையாது. மணலில் ஏலம் போட்டு எடுத்த மீனைப் பெண்கள் கூடையில் சுமந்துகொண்டு ஓட்டமும் நடையுமாகப் போவார்கள். வெயில் ஏறுவதற்குள் எட்டுகிற தூரம் வரைதான் புது மீன். அதற்கப்பால் உள்நாட்டுக்குப் போக வேண்டுமானால் உப்பு வேண்டும்.

உப்புக்குத்தான் வரி. மலபார் அப்போது சென்னை ராஜதானியைச் சேர்ந்தது. உப்பின் மேல் சர்க்கார் வைத்த வரி, பிடித்த மீனின் விலையைவிட அதற்கு இட வேண்டிய உப்பின் விலையை அதிகமாக்கிவிட்டது. செம்படவர்கள் உப்பு மண்ணைச் சுரண்டி வந்து மீனில் தேய்த்தார்கள். அதற்கும் தடை வந்தது. பிரான்சிஸ் டே என்ற பட்டாளத்து டாக்டர் இந்தியக் கடல் மீன்களைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதியவர். 1870-களில் கரை கரையாகச் சுற்றிப் பார்த்து, செம்படவர்களுக்கு வரியில்லாமல் உப்புக் கொடுக்க வேண்டும் என்று சர்க்காருக்கு எழுதினார். அதன் பிறகு கடலோரத்தில் சர்க்கார் வேலிக்குள் மீன் உப்பிடும் சாலைகள் ஏற்பட்டன. உப்பு வாங்கினவன் அந்த வேலிக்குள்ளேயே மீனை உப்பிட்டு எடுத்துப்போக வேண்டும்.

காந்திஜி தண்டிக்கு நடந்ததற்கு எத்தனையோ வருஷங்களுக்கு முன்பே உப்பு வரி என்பது மீன் வரியும் ஆகும் என்பதை மலபார்ச் செம்படவன் அறிந்திருந்தான். கடலில் மீன் மிகுந்திருந்த வருஷத்திலும், உப்புக்கு வழியில்லாதவனுடைய மீன் மணலில் நாறியது. பத்து மைல் உள்ளே இருந்த கூலிக்காரன் வீட்டில் வெறும் கஞ்சி. இரண்டு கணக்குகளும் பிரிந்து போனது இதுவே முதல் தடவை.

அடுத்து வருகிறவர் சர் பிரெடரிக் நிக்கல்சன். கோயமுத்தூர் ஜில்லா மானுவல் எழுதியவர் என்று கொங்கு நாட்டார் சிலருக்குத் தெரிந்திருக்கும். விவசாயிகளுக்குக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் வேண்டும் என்று 1895-ல் அறிக்கை எழுதியவரும் அவர்தான். அந்த வேலைகளெல்லாம் முடிந்து ஓய்வாக உட்கார வேண்டிய வயசில் மீன் துறையை எடுத்துக்கொண்டார். ஜப்பானுக்குப் போய் அங்கே செம்படவர்கள் தொழில் செய்வதைப் பார்த்து எழுதினார். 1907-ல் சென்னை மீன்வள இலாகா உருவானது அவருடைய முயற்சியினால்.

ஜனங்களுக்கு நல்ல மீன், மலிவான மீன் கிடைக்க வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். உப்பிடுவதில் சுத்தம், டப்பாவில் அடைப்பது என்று பல சோதனைகள் செய்து பார்த்தார். அவற்றில் ஒன்று மத்தி எண்ணெய். பழைய முறையில் உதவாத வள்ளங்களில் மீனைக் கொட்டி அழுக விட்டு மேலே மிதக்கிற எண்ணெயை வழித்து எடுப்பார்கள். அந்த நாற்றத்தில் ஊரே முகம் சுளிக்கும். மிச்ச மீனை மணலில் காயப்போட்டுத் தென்னைக்கும் தோட்டங்களுக்கும் எருவாகப் போடுவார்கள். நிக்கல்சன் தானூரில் ஒரு சோதனைச் சாலை வைத்து, புது மீனை வேகவைத்துப் பிழிந்து சுத்தமான எண்ணெய் எடுக்கவும், சக்கையைக் காயவைத்து உயர்ந்த உரமாக்கவும் கற்றுக் கொடுத்தார். பெருக்குக் காலத்தில் கரையில் வீணாகிற மீனுக்கு அது ஒரு கதி என்று அவர் நினைத்தார். நினைத்ததில் தவறும் இல்லை.

ஆனால் கற்றுக்கொண்டவர்கள் வியாபாரிகள். 1920-களுக்குள் மலபாரிலும் தென் கன்னடத்திலும் கரை நெடுக நூற்றுக்கணக்கில் எண்ணெய்க் கொட்டகைகள் எழும்பின. எண்ணெய் தோல் பதனிடவும் சோப்புக் காய்ச்சவும் போயிற்று. உரம் தோட்டங்களுக்குப் போயிற்று. கொப்பரை ஒன்றை வாங்கிவைத்துவிட்டவன் அதைச் சும்மா வைத்திருக்க மாட்டான். அதற்குத் தினமும் தீனி வேண்டும். மீன்காரி கூடைக்கு எடுக்க வந்தபோது, மொத்தமாக எடுக்கிற முதலாளி ஏற்கெனவே பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அவளிடம் இருந்தது மடியில் முடிந்த சில்லறை. அவன் போன மாதமே வள்ளக்காரனுக்கு முன்பணம் கொடுத்துவிட்டவன். ஏலத்தில் ஜயிக்கப் போவது யார் என்று சொல்ல ஜோசியம் வேண்டியதில்லை.

பிறகு 1940-கள் வந்தன. மத்தி வரவில்லை. ஏதோ ஒரு வருஷம் ஏமாற்றியது என்றால் ஜனங்கள் பழகினவர்கள். இது வருஷக்கணக்காக நீண்டது. 1943-ல் சென்னை சர்க்கார் சிறு மத்தியைப் பிடிப்பதற்கும் சில வலைகளைப் போடுவதற்கும் கட்டுப்பாடு விதித்தது. அந்த வலைகளில் ஒன்றின் பெயரே 'மத்திகொல்லி'. வலையின் பெயரிலேயே குற்றப்பத்திரிகை எழுதியிருந்தது என்று சொல்ல வேண்டும். அளவுக்கு மீறிப் பிடித்ததனால் வந்த வினையா, கடலின் போக்கு மாறியதா என்று அறிஞர்கள் பிற்பாடும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டுக்கும் பங்கு இருந்திருக்கலாம்.

அது எந்தச் சமயம் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்தான். ரங்கூன் அரிசியை நம்பி இருந்த திருவிதாங்கூருக்கும் கொச்சிக்கும் மலபாருக்கும் அரிசி நின்றது. வங்காளத்துப் பஞ்சத்தைப் பற்றி உலகம் பேசியது. சேர்த்தலைப் பக்கத்துக் கயிற்றுத் தொழிலாளிகள் பசியால் நோய் கண்டு விழுந்ததை அவ்வளவாக யாரும் பேசவில்லை. மரவள்ளிக் கிழங்குதான் உயிரைப் பிடித்து வைத்தது. கிழங்குக்குத் துணையாக என்றைக்கும் இலையில் கிடந்த மீன், மிகவும் வேண்டியிருந்த அந்த நாளில்தான் கடலிலிருந்தே காணாமல் போயிருந்தது. அந்தத் தலைமுறைக் கிழவிகளுக்கு மத்தியின் மேல் இருந்த பக்திக்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

சுதந்தரம் வந்தது. 1947-ல் உப்பு வரி ஒழிந்தது. அதே வருஷம் மத்திய சர்க்கார் கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் ஒன்றைத் தொடங்கிற்று. சென்னையில் பிறந்து, மண்டபத்தில் வளர்ந்து, பிறகு கொச்சிக்குப் போன நிலையம் அது. இந்தியக் கரை முழுவதும் எவ்வளவு மீன் இறங்குகிறது என்று ஒழுங்காகக் கணக்கெடுக்க ஆரம்பித்தது அவர்கள்தான். அந்தக் கணக்கைப் பார்த்தால் மத்தியின் குணம் விளங்கும். 1956-ல் இந்தியா முழுவதும் கிடைத்த மத்தி 10,000 டன்கூட இல்லை. 1968-ல் 3 லட்சம் டன். பன்னிரண்டு வருஷத்தில் முப்பது மடங்கு! பங்கு மார்க்கெட்டில்கூட இப்படி ஏறி இறங்குவதில்லை.

இதற்கிடையில் கொல்லத்துக்குப் பக்கத்தில் வேறு ஒரு நாடகம் தொடங்கியிருந்தது. 1952-ல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. 1953-ல் நீண்டகரை, சக்திகுளங்கரை கிராமங்களில் வேலை ஆரம்பமாயிற்று. செம்படவர்களுக்கு எஞ்சின் வைத்த படகு, ஐஸ் தொழிற்சாலை, குழாய்த் தண்ணீர், ஆஸ்பத்திரி. ஏழைச் செம்படவனின் வருமானத்தை உயர்த்துவது, உள்நாட்டு ஜனங்களுக்குப் புது மீனைக் கெடாமல் கொண்டு சேர்ப்பது, இவைதான் திட்டத்தில் எழுதப்பட்ட நோக்கங்கள். பனி நாட்டிலிருந்து வந்தவர்கள்; கடலில் பிழைப்பது என்றால் என்ன என்று அறிந்தவர்கள்; நல்ல மனசோடுதான் வந்தார்கள்.

ஐஸில் வைத்த மீனை உள்ளூர்க்காரர்கள் விரும்பி வாங்கவில்லை. காலையில் பிடித்ததை மத்தியானம் குழம்பு வைத்தவர்களுக்கு ஐஸ் மீன் பழைய மீன்தான். ஐஸுக்கு வேறு ஒருவன் காத்திருந்தான். அவன் பெயர் இறால்.

அதுவரை இறாலுக்குப் பெரிய மரியாதை இல்லை. வேகவைத்துக் காயப்போட்டு ரங்கூனுக்கு அனுப்புவார்கள். யுத்தத்தோடு அந்த வியாபாரமும் படுத்துவிட்டது. 1953-ல் கொச்சியிலிருந்து ஐஸில் உறைய வைத்த இறால் முதல் முதலாக அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. பிறகு ஜப்பான்காரனும் வாங்க வந்தான். 1966-ல் ரூபாயின் மதிப்பைக் குறைத்தபோது டாலருக்கு அதிக ரூபாய் வந்தது. இறாலுக்கு யோகம் அடித்தது. நீண்டகரையில் படகுகள் பெருகின. கடலின் அடியை வாரிக்கொண்டு போகிற இழுவை வலை வந்தது. செம்படவக் குலத்தில் பிறக்காதவர்களும், கடலில் கால் நனைக்காதவர்களும் படகு முதலாளிகளானார்கள். நார்வே நாட்டுக் கிளௌசன் என்ற அறிஞர் தம் நாட்டார் செய்த இந்த வேலையை ஆராய்ந்து 1968-ல் புத்தகமே எழுதினார்.

தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'செம்மீன்' 1956-ல் வெளிவந்தது. அடுத்த வருஷம் சாகித்ய அகாடமி பரிசு, 1965-ல் சினிமா, சுந்தர ராமசாமியின் கையால் நமக்குத் தமிழிலும் கிடைத்தது. கறுத்தம்மாவுக்காகவும் பரீக்குட்டிக்காகவும் நாம் எல்லோரும் கண்ணீர் விட்டோம். செம்மீன் என்றால் இறால் என்பது எத்தனை பேருக்கு நினைவிருந்ததோ! கரையிலிருக்கிறவள் ஒழுக்கம் தவறினால் கடலம்மை கோபிப்பாள் என்ற நம்பிக்கையின் மேல் அந்தக் கதை எழும்பி நிற்கிறது. அதே பத்து வருஷத்தில், கொஞ்சம் தெற்கே, அதே பெயர் கொண்ட பிராணியைத் தேடி நூற்றுக்கணக்கான எஞ்சின்கள் கடலின் அடி வயிற்றைக் கீறிக்கொண்டிருந்தன. கடலம்மையின் கோபத்துக்கு உண்மையான காரணம் எங்கே இருந்தது என்று இன்னொரு நாவல் எழுதலாம். காதல் கதையாக அது அமையாது, அவ்வளவுதான்.

இறாலுக்கும் மத்திக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் பணத்தில் இருக்கிறது. ஐஸும் எஞ்சினும் கடனும் துறைமுகமும் எல்லாம் கப்பலேறுகிற மீனுக்காக ஏற்பட்டன. வீட்டுக்குப் போகிற மீனைப் பிடிக்கிற வள்ளக்காரன் பழைய துடுப்போடு நின்றான். கரைக்குப் பக்கத்தில் அவன் விரித்த வலையை இழுவைப் படகு அறுத்துக்கொண்டு போனது. கேரளத்தில் மொத்தமாக இறங்கிய கடல் மீன் 1973-ல் சுமார் 4 லட்சத்து 48,000 டன். 1980-ல் அது 2 லட்சத்து 80,000 டன்னுக்கு வந்துவிட்டது. ஏற்றுமதியில் வந்த அந்நியச் செலாவணி டில்லியைச் சந்தோஷப்படுத்தியது; கோட்டயத்துச் சந்தையில் மீன் விலை கேட்டுக் கூடைக்காரியைத் திட்டியவர்களுக்கு அது தெரிய நியாயமில்லை.

கூடைக்காரிக்கும் கஷ்டகாலம் வந்தது. முன்பு வீட்டு வாசல் மணலிலேயே மீன் இறங்கியது; இப்போது எங்கோ இருக்கிற துறைமுகத்தில் இறங்குகிறது. விடியற்காலையில் அவ்வளவு தூரம் போய், லாரிக்காரனோடு போட்டி போட்டு ஏலம் எடுத்து, சந்தைக்குத் திரும்ப வேண்டும். மீன் கூடையோடு வந்தவளைப் பஸ்ஸில் ஏற்ற மறுத்தார்கள். 1980-ஐ ஒட்டிய வருஷங்களில் திருவனந்தபுரத்தில் அந்தப் பெண்கள் பஸ்ஸில் ஏறும் உரிமைக்காகவே போராட்டம் நடத்தினார்கள். கடைசியில் அவர்களுக்கென்று தனி பஸ் விட்டார்கள். கடலுக்கும் அடுப்புக்கும் நடுவே இருக்கிற பாலம் அந்தப் பெண்ணின் தலைதான் என்பது சர்க்காருக்குப் புரிய அவ்வளவு காலம் ஆயிற்று.

வள்ளக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. மழைக்காலம் மீன் முட்டையிடும் காலம், அந்தச் சமயத்தில் இழுவை வலையை நிறுத்துங்கள் என்று கேட்டார்கள். மறியல், உண்ணாவிரதம், கடலில் கைகலப்பு எல்லாம் நடந்தன. 1980-ல் சட்டம் வந்தது. ஒரு கமிட்டிக்குப் பின் இன்னொரு கமிட்டி உட்கார்ந்து எழுந்தது. 1988-ல்தான் மழைக்காலத்தில் இழுவைப் படகுகளுக்குத் தடை உண்மையாக அமலுக்கு வந்தது. படகு முதலாளிகள் சுப்ரீம் கோர்ட் வரை போனார்கள். தடை செல்லும் என்று தீர்ப்பாயிற்று. இன்றைக்கு ஜூன் ஆரம்பத்திலிருந்து ஜூலை கடைசி வரை நீண்டகரைப் பாலத்தின் அடியில் சங்கிலி போட்டுப் படகுகளை நிறுத்துகிறார்களே, அந்தச் சங்கிலிக்குப் பின்னால் பத்து வருஷக் கண்ணீர் இருக்கிறது.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். வில்லன் தோற்றான், ஏழை ஜயித்தான் என்று திரையை இறக்கிவிடலாம். சரித்திரம் அவ்வளவு நல்ல கதாசிரியன் அல்ல. துடுப்புப் போட்டவர்களும் எஞ்சின் மாட்டிக்கொண்டார்கள். 1980-களின் நடுவில் வளைத்துப் பிடிக்கிற பெரிய ரிங் வலை வந்தது. முப்பது, நாற்பது பேர் ஏறுகிற வள்ளம். மிக நீளமான வலை. ஒரு கூட்டத்தைக் கண்டால் கூட்டத்தோடு வாரிவிடும். 1990-ல் கேரளத்தின் மொத்தக் கடல் மீன் 6 லட்சம் டன்னைத் தாண்டியது. ஆனால் வலைக்கும் எஞ்சினுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வாங்கிய கடன் தரகனிடம் இருந்தது. கடன் இருக்கிற இடத்தில் மீனின் மேல் முதல் பாத்தியதையும் அவனுக்குத்தான். பழைய எண்ணெய்க் கொட்டகைக் கதை வேறு உடுப்பில் திரும்பி வந்தது.

மத்தியும் தன் பழைய ஆட்டத்தை ஆடியது. 1994-ல் கேரளத்தில் 2,000 டன்கூடக் கிடைக்கவில்லை. பிறகு ஏறியது, ஏறி, 2012-ல் 4 லட்சம் டன்னைத் தொட்டது. அந்த உச்சத்தில் மத்தியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. விரல் நீளமே இருந்த குஞ்சு மத்தியைக்கூட லாரி லாரியாக அரைவை ஆலைகளுக்கு ஏற்றினார்கள். ஆலைகள் பெரும்பாலும் கர்நாடகக் கரையிலும் அதற்கு வடக்கேயும். அங்கே அது மாவாகவும் எண்ணெயாகவும் ஆகும். அந்த மாவு கோழிக்கும் பண்ணை இறாலுக்கும் தீவனம். பண்ணை இறால் அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் போகும். 1953-ல் தனியாகக் கப்பலேறிய இறால், இப்போது ஏழையின் மத்தியையும் வயிற்றில் வைத்துக்கொண்டு கப்பலேறுகிறது!

பிறகு சரிவு. 2016-ல் கேரளத்தில் சுமார் 46,000 டன். 2021-ல் 3,297 டன். ஒன்பது வருஷத்தில் நூறு பங்கில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. ஆராய்ச்சிக்காரர்கள் கடல் சூடேறியதையும் எல் நினோவையும் மழையின் போக்கு மாறியதையும் சொல்கிறார்கள். குஞ்சுகளை வாரியதையும் சொல்கிறார்கள். நோயாளி பலவீனமாக இருக்கிற சமயம் பார்த்து அடித்தால், அவன் நோயால் விழுந்தானா அடியால் விழுந்தானா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். 2015-ல் கேரள சர்க்கார் 14 வகை மீன்களுக்கு இன்ன அளவுக்குக் குறைந்தால் பிடிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. மத்திக்கு 10 சென்டிமீட்டர். 1943-ல் சென்னை சர்க்கார் சிறு மத்திக்குப் போட்ட உத்தரவின் பேரப்பிள்ளை என்று அதைச் சொல்லலாம். நடுவில் எழுபது வருஷம் வீணாயிற்று.

அந்த வறட்சி வருஷங்களில் கேரளத்துச் சந்தையில் மத்தி இல்லாமலா போயிற்று? இருந்தது. ஓமன் நாட்டு மத்தி வந்தது; அதே ஜாதிதான், உருவில் பெரிது, நெய் குறைவு. ருசி இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டே வாங்கினார்கள். தமிழ்நாட்டிலிருந்தும் போயிற்று. ஒரு காலத்தில் நம் கிழக்குக் கரையில் எண்ணெய் மத்தி அபூர்வம். 1980-களின் கடைசியிலிருந்து இங்கேயும் பெருகிற்று. ராமேசுவரத்திலும் மண்டபத்திலும் பிடித்த மத்தி ஐஸ் பெட்டிகளில் இரவோடு இரவாக மலை தாண்டியது. தூரம் கூடினால் சூதும் கூடும். 2018-ல் எல்லைச் சோதனைச் சாவடிகளில் லாரிகளை நிறுத்திப் பார்த்தபோது, பிணம் கெடாமல் வைக்கிற பார்மலின் தெளித்த மீன் டன் கணக்கில் அகப்பட்டது. வாசலில் கடலை வைத்துக்கொண்டிருக்கிறவள் மீனை முகர்ந்து பார்த்துச் சந்தேகப்பட வேண்டிய காலம் வந்துவிட்டது. ஐஸ் மீனையே பழைய மீன் என்று ஒதுக்கிய பாட்டியின் பேத்தி அவள்.

2022-ல் மத்தி திரும்பி வந்தது. அந்த வருஷம் கேரளத்தில் 1 லட்சம் டன் அளவுக்குக் கிடைத்தது. அடுத்த வருஷம் அதற்கும் மேல். கடல் இன்னும் கணக்கை மூடிவிடவில்லை என்று அர்த்தம். பொறுமையான கடன்காரி அது. எத்தனை தடவை ஏமாற்றினாலும் மறுபடி மறுபடி கொடுத்துப் பார்க்கிறது.

இந்த 150 வருஷத்தைத் திரும்பிப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. கடல் கொடுக்காத வருஷங்கள் இருந்தன. 1940-கள் அப்படி, 1994 அப்படி, 2021 அப்படி. அந்த வருஷங்களைக் கரை ஜனங்கள் மழை பொய்த்த வருஷத்தை விவசாயி பொறுத்துக்கொள்வது போலப் பொறுத்துக்கொண்டார்கள். கடல் கொடுத்தும் கூடைக்கு வராத வருஷங்களும் இருந்தன. உப்பு வரி ஒரு தடவை வழிமறித்தது. எண்ணெய்க் கொப்பரை ஒரு தடவை. தீவன ஆலை ஒரு தடவை. நடுவே இறால் வந்து, கைக்கெட்டிய வசதிகளையெல்லாம் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் அதைக் கொண்டுவந்தவர்கள் நாட்டின் நன்மைக்கு என்றுதான் சொன்னார்கள். பலர் மனப்பூர்வமாகவே நம்பினார்கள். நிக்கல்சனையோ நார்வேக்காரர்களையோ குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் கடல் கணக்கைத் திருத்தினால் கூடைக் கணக்கு தானே சரியாகிவிடும் என்று நம்பினார்கள். அது தானே சரியாவதில்லை.

வருஷம் தவறாமல் டன் கணக்கை வெளியிடுகிறவர்கள், அதற்குப் பக்கத்தில் இன்னொரு வரியும் அச்சிட வேண்டும் என்பது என் ஆசை. இந்த வருஷம் கேரளத்தில் ஒரு கூலிக்காரன் வீட்டில் எத்தனை நாள் மத்திக் குழம்பு வைத்தார்கள் என்ற வரி. முதல் வரி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், இரண்டாவது வரியைப் பார்த்த பிறகுதான் அது நல்ல வருஷமா இல்லையா என்று சொல்ல முடியும். குடும்பம் புலர்த்தி என்று அந்த மீனுக்குப் பெயர் வைத்தவர்கள் எண்ணியது அந்த இரண்டாவது வரியைத்தான்.